காவியைக் கழுவிவிட்டு ஸ்கேலை எடுங்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டருக்கு, மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 34 வயது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் வேலை. மனைவி, 6 வயது மகளுடன் ஜூலை 5 அன்று விடுமுறைக்கு வந்தான். 9ஆம் தேதி அரியமான் கடலில் குளித்துவிட்டு வந்து, வலது முழங்காலின் பின்பக்கம் சிவப்பாக ஒரு வட்டம் இருப்பதாகச் சொன்னான். ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருந்தது. இன்று உள்ளங்கையை விடப் பெரிதாகிவிட்டது. கடலில் சொறி மீன் பட்டிருக்கும் என்றார்கள். படர்தாமரை என்று மருந்துக் கடையில் களிம்பு கொடுத்தார்கள், கேட்கவில்லை. என் நாத்தனார் அக்கி என்று சொல்லி, ஆள் கூட்டிவந்து காவியால் எழுதவைத்தார். இரண்டு நாளாக லேசான காய்ச்சல், உடம்பு வலி, கழுத்து வலி. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் குடும்பத்தோடு காட்டில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்களாம். அதனால் உண்ணி கடித்து வரும் லைம் நோயாக இருக்குமோ என்று அவனே பயந்து 13ஆம் தேதி ரத்தம் கொடுத்தான். ‘நெகட்டிவ்’ என்று வந்துவிட்டது. அப்படியானால் நிம்மதியாக இருக்கலாமா? பேத்தி அவன் மடியிலேயே கிடக்கிறாள், அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? ஆகஸ்ட் 2 அன்று விமானம். போகலாமா?
— ஒரு வாசகி, மண்டபம்

பதில்: அம்மா, கடிதத்தின் அடியில் தொலைபேசி எண்ணை எழுதியிருந்தீர்கள், நல்லதாகப் போயிற்று. இந்தப் பகுதியில் பதில் வரும்வரை காத்திருக்கிற விஷயம் அல்ல இது. அதனால்தான் கடிதம் கைக்கு வந்த மாலையே உங்களை அழைத்தேன். அப்போது அவசரமாகச் சொன்னவற்றுக்கான காரணங்களை இங்கே நிதானமாக எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்துபோகும் வீடுகள் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் நிறைய இருக்கின்றன, அவர்களுக்கும் உதவும்.

அன்று முதலில் காவியைக் கழுவச் சொன்னேன், நினைவிருக்கிறதா? தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, மகனை வாசல் வெளிச்சத்தில் குப்புறப் படுக்கவைத்தீர்கள். பேத்தியின் பென்சில் டப்பாவிலிருந்து ஸ்கேல் வந்தது. குறுக்கே 11 சென்டிமீட்டர், நெடுக்கே 13. விளிம்பில் தோல் உரிகிறதா என்றேன்; வழுவழுவென்று இருக்கிறது என்றீர்கள். அரிக்கிறதா என்று மகனைக் கேட்டேன், இல்லை. அழுத்தினால் வலியா? இல்லை. புறங்கையை வைத்துப் பார்த்து, சுற்றியுள்ள இடத்தை விடச் சற்றுச் சூடாக இருக்கிறது என்றீர்கள். பிறகு சிவப்பு முடிகிற இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் சுற்றிக் கோடு போடவைத்தேன். மறுநாள் காலை நீங்கள் அனுப்பிய படத்தில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி அரை விரற்கடை வெளியே போயிருந்தது. மகன் பயந்த லைம் நோய்தான் இது என்று எந்த ரத்தப் பரிசோதனையை விடவும் எனக்கு அதிகம் சொன்னது அந்தப் பேனாக் கோடுதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. லைம் என்றதும் எலுமிச்சையா சுண்ணாம்பா என்று கேட்காதவர் இல்லை. இரண்டும் இல்லை, அது ஓர் ஊரின் பெயர். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் லைம் என்ற சிற்றூரில், 1975 வாக்கில், குழந்தைகள் பலருக்கு மூட்டு வீங்கியது. ஒரே தெருவில் இத்தனை பிள்ளைகளுக்கு எப்படி மூட்டுவாதம் வரும் என்று விடாமல் கேட்டவர்கள் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள். மருத்துவர்கள் பிறகுதான் வந்தார்கள். 1982இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர், உண்ணியின் வயிற்றில் திருகாணி போல் சுருண்ட கிருமியைக் கண்டதாக வெளியிட்டார். கிருமிக்கு அவர் பெயரையே சேர்த்து பொரீலியா பர்க்டார்ஃபெரி என்று வைத்தார்கள். ஆனால் தோலில் விரியும் அந்த வட்டத்தை ஸ்வீடன் மருத்துவர் அஃப்செலியஸ் 1909லேயே விவரித்துவிட்டார். கிருமி பிடிபடுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தோல் அதைக் காட்டிக்கொண்டிருந்தது.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. பரிசோதனை ‘நெகட்டிவ்’, நிம்மதியாக இருக்கலாமா? கூடாது. அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது ரத்தத்தில் தென்படும் அளவுக்குச் சேர இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். உங்கள் மகன் ரத்தம் கொடுத்தது வட்டம் தெரிந்த நான்காவது நாள். மிளகாய் விதைத்த நான்காம் நாள் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் முளைக்கவில்லை, விதை பொய் என்று திரும்பிவருவதைப் போன்றது அது. வட்டம் இருக்கும் முதல் சில வாரங்களில் லைம் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ரத்தம் ‘நெகட்டிவ்’ என்றுதான் வரும். ஆகவே, நோய் உள்ள ஊருக்குப் போய்வந்தவரின் தோலில் இந்த வட்டம் தெளிவாக இருந்தால், ரத்தம் எடுக்காமலேயே மருந்தைத் தொடங்குவதுதான் முறை. பார்ப்பதும் கேட்பதும்தான் இங்கே பரிசோதனை. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய தாளை நான் ஒதுக்கி வைத்தபோது உங்கள் மகனுக்குக் கொஞ்சம் வருத்தம், தெரியும்.

‘கேட்பது’ என்று எழுதும்போது எனக்கே உறுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் விலாவில் இதே போன்ற வட்டத்தோடு என்னிடம் வந்தார். படர்தாமரை என்று பார்த்த மாத்திரத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்குக் கூட்டம்; எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. மூன்றாவது வாரம் முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கண்ணை மூட முடியாமல் வந்தார். ஜெர்மனியில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. மருந்தில் குணமாகிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து வட்டத்தோடு யார் வந்தாலும் என் முதல் கேள்வி, ‘இந்த ஒரு மாதத்தில் எந்த ஊரில் இருந்தீர்கள்?’ என்பதுதான்.

வட்டத்தின் கதை இதுதான். கிருமியுள்ள உண்ணி கடித்து 3 முதல் 30 நாளுக்குள், பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து, கடித்த இடத்தில் சிவப்பு தோன்றும். பிறகு நாளுக்கு நாள் விரியும். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். 30 சென்டிமீட்டர் வரைகூடப் போகும். உங்கள் மகன் காட்டில் தங்கியது ஜூன் 27, 28. வட்டத்தைப் பார்த்தது ஜூலை 9. கணக்கு அப்படியே பொருந்துகிறது. இடமும் பொருந்துகிறது: முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், இடுப்பில் பெல்ட் இறுகும் இடம், குழந்தைகள் என்றால் தலைமுடியோரம். உண்ணி ஊர்ந்து போய் ஒதுங்கும் இடங்கள் இவை.

உண்ணி கடித்ததே தெரியாது என்றாரே, அதிலும் வியப்பில்லை. நம் ஊர் மாட்டு உண்ணியை மனதில் வைத்துத் தேடினால் கிடைக்காது. அங்கே இந்த நோயைப் பெரும்பாலும் பரப்புவது இளம்பருவ உண்ணி. கசகசா அளவுதான் இருக்கும். கடிப்பது வலிக்காது, குடித்து முடித்ததும் விழுந்துவிடும். வட்டத்தோடு வருகிறவர்களில் பலருக்குக் கடி நினைவிருப்பதில்லை.

இணையத்தில் பார்த்த படத்தில் கேரம் பலகையின் நடுவட்டம் போல வளையத்துக்குள் வளையமாக இருந்ததே, இவனுக்கு அப்படி இல்லையே என்று கேட்டீர்கள். அந்தப் படம் அழகாக இருப்பதால் எல்லாரும் அதையே போடுகிறார்கள். உண்மையில் அமெரிக்காவில் காணப்படும் வட்டங்களில் பாதிக்கு மேல் அப்படி இருப்பதில்லை. முழுவதும் ஒரே சிவப்பாகப் பரவியிருக்கும். சிலவற்றில் நடு கருஞ்சிவப்பாகும், சிலவற்றில் சிறு கொப்புளம்கூட வரும். வளையம் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. இன்னொன்றும் உண்டு. பாடப் புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது சிவப்பாகவே தெரியாமல் போகலாம். கத்தரிப்பூ நிறத்தில், அடிபட்டுக் கன்றிய இடம் போல இருக்கும். கரிய தோலுள்ளவர்களுக்கு இந்நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் டியூப் லைட்டில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன். நிறத்தை விட, விளிம்பு நகர்கிறதா என்பதுதான் கேள்வி.

சுற்றியிருந்தவர்கள் சொன்ன மூன்றையும் நான் ஏன் ஒதுக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். சொறி மீன் பட்டால் தண்ணீரில் இருக்கும்போதே சுரீரென்று எரியும், சாட்டையால் அடித்தது போலக் கோடு கோடாகத் தடிக்கும். அன்றைக்கே தெரிந்துவிடும், எட்டு நாள் ஓசையில்லாமல் விரியாது. அக்கி என்றால் ஒரு பக்கமாகப் பட்டையாக, கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளங்கள், தாங்க முடியாத எரிச்சல். (காவி பூசுவதால் அக்கி குணமாவதில்லை, அதுவாகவே அடங்கும் நோய் அது. உங்கள் நாத்தனாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.) படர்தாமரைதான் உண்மையிலேயே குழப்பும். ஆனால் அது பிடுங்கும்படி அரிக்கும். விளிம்பில் பொடிப்பொடியாகத் தோல் உரியும், சிறு பருக்கள் தட்டுப்படும். வளரவும் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் விளிம்பைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் சிறிது நேரத்தில் காளான் இழை தெரிந்துவிடும். இவ்வளவு எளிதான சோதனை இருக்கும்போது கடையில் கொடுத்த களிம்பைப் பாருங்கள்: குளோபெட்டசால் என்ற கடுமையான ஸ்டீராய்டோடு இரண்டு மூன்று மருந்துகள் கலந்தது. அது எந்தச் சிவப்பையும் சில நாளைக்கு மங்கவைக்கும். நோய் போகாது, எங்களுக்கு வேண்டிய விளிம்பு போய்விடும். இந்தக் கலவைக் களிம்புகள் மீது எனக்குள்ள கோபத்தை எழுத ஆரம்பித்தால் இடம் போதாது. குப்பையில் போட்டுவிடுங்கள்.

உண்ணி கடித்த இரண்டு நாளுக்குள் அந்த இடம் சிவந்து, அரித்து, 5 சென்டிமீட்டருக்குள்ளேயே நின்று மங்கினால் அது கடிக்கான ஒவ்வாமை மட்டுமே. கொசுக்கடி மாதிரி. அதற்கு மருந்து வேண்டாம்.

மண்டபத்தை விட்டே வெளியே போகாத ஒருவருக்கு இதே வட்டம் வந்திருந்தால் லைம் நோய் என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். அதைப் பரப்பும் இக்சோடீஸ் வகை உண்ணி குளிர் மண்டலக் காடுகளில் வாழ்வது: வடகிழக்கு அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவின் குளிர்ப் பகுதிகள். இந்தியாவிலும் சில மலைக்காட்டுப் பகுதிகளிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்தி வந்திருக்கிறது. ஆனால் நம் கடற்கரை மணலிலும் சீமைக் கருவேலங்காட்டிலும் நாயையும் மாட்டையும் பிடிக்கும் உண்ணிகள் வேறு ஜாதி. அவை லைம் நோயைத் தருவதில்லை.

ஆனால் காய்ச்சல் என்றதும் என் மனம் வேறொன்றுக்கும் போயிற்று. அதனால்தான் தொலைபேசியில் மகனுடைய அக்குளையும் தொடை இடுக்கையும் இடுப்பையும் பார்க்கச் சொன்னேன். பத்திரிகைகள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகின்றனவே, அந்த ஸ்க்ரப் டைபஸ் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. பெயர்தான் உண்ணி, கடிப்பது உண்ணி அல்ல, புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே எளிதில் தெரியாத ஒரு சிலந்திப்பேனின் குஞ்சு. விறகு பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் போகிறவர்களைக் கடிக்கும். அது விட்டுச்செல்லும் அடையாளம் வட்டம் அல்ல. ஒரு சென்டிமீட்டர் அளவில், சிகரெட்டால் சுட்டது போன்ற கரிய பொருக்கு. வலிக்காது, அரிக்காது. அதனால் புடவை கட்டும் இடத்திலும் மார்புக்கு அடியிலும் கைலி மடிப்பிலும் அது பாட்டுக்கு இருக்கும், நோயாளிக்கே தெரியாது. ஒரு வாரக் காய்ச்சலோடு வரும் ஒருவரை முழுவதும் பார்க்காமல் அனுப்பினால் தவறவிடுவது இதைத்தான். விட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். உங்கள் மகனுக்கு அந்தப் பொருக்கு இல்லை. இருந்தாலும் இங்கு வந்து 12 நாளாகிவிட்டது, காய்ச்சலும் இருக்கிறது என்பதால் டெங்குவுக்கும் ஸ்க்ரப் டைபஸுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பணம் வீண் அல்ல.

அதிர்ஷ்டவசமாக லைம் நோய்க்கும் ஸ்க்ரப் டைபஸுக்கும் மருந்து ஒன்றே: டாக்ஸிசைக்ளின். லைம் நோயின் முதல் கட்டத்தில் பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், காலையும் இரவும், 10 நாள். அவரை நேரில் பார்த்த ராமநாதபுரம் மருத்துவர் இதைத்தான் எழுதியிருப்பார். வெறும் வயிற்றில் வேண்டாம். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பாலோடும், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளோடும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். முக்கியமாக, இந்த மருந்து உள்ளே இருக்கும்போது வெயில் தோலைச் சுட்டுவிடும். மண்டபத்து ஜூலை வெயிலில் அரியமான் குளியல் 10 நாளைக்கு நிற்கட்டும். மருந்து தொடங்கிய முதல் நாள் காய்ச்சலும் குளிரும் சற்றுக் கூடினால் பயப்பட வேண்டாம். கிருமிகள் சாகும்போது சிலருக்கு அப்படி ஆகும், ஒரு நாளில் அடங்கும். வட்டம் உடனே மறையாது, ஓரிரு வாரம் எடுக்கும். குணமானதா என்று பார்க்க மறுபடி ரத்தம் கொடுக்காதீர்கள். எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் ரத்தத்தில் கிடக்கும். இப்போது ‘நெகட்டிவ்’ வந்து ஏமாற்றியது போல அப்போது ‘பாசிட்டிவ்’ வந்து பயமுறுத்தும்.

உடனே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டியது எப்போது என்றால்: முகம் ஒரு பக்கம் இழுத்தால், தலைவலியோடு கழுத்து விறைத்தால், படபடப்போ மயக்கமோ வந்தால், உடம்பில் வேறு இடங்களிலும் வட்டங்கள் முளைத்தால். இந்தக் கிருமி நரம்புக்கும் இதயத்துக்கும் போகக்கூடியது. மயக்கம் என்றால் முதலில் இசிஜி எடுக்க வேண்டும். மாதங்கள் கழித்து முழங்கால் வீங்கினாலும் இந்தக் கதையை அங்குள்ள மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். முதல் கட்டத்திலேயே மருந்து எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முழுவதும் குணமாகிவிடுகிறார்கள்.

பேத்தி தாராளமாக மடியில் கிடக்கட்டும். தொட்டாலோ முத்தம் கொடுத்தாலோ ஒட்டாது. ஆனால் அவளும் மருமகளும் அதே கூடாரத்தில் தூங்கியவர்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும் சாக்கில் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முடியைப் பிரித்துப் பாருங்கள்; குளிப்பாட்டும்போது அக்குளையும் தொடை இடுக்கையும் பாருங்கள். ஜூலை கடைசி வரைக்கும் இது போதும். வட்டமோ காய்ச்சலோ இல்லாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக மருந்து தேவையில்லை. கடித்த உண்ணியை எடுத்த 72 மணி நேரத்துக்குள் கொடுக்கும் ஒற்றை வேளை மருந்து ஒன்று உண்டு, அந்தக் காலம் தாண்டிவிட்டது. குழந்தைக்கு வட்டம் வந்தால் அமாக்ஸிசிலின் நன்றாகவே வேலை செய்யும்.

அங்கே திரும்பிப் போனபின் உடம்பில் உண்ணி ஒட்டியிருப்பதைப் பார்த்தால், நம் ஊர் வழக்கப்படி மண்ணெண்ணெய் ஊற்றுவதோ சுண்ணாம்பு தடவுவதோ தீக்குச்சியால் சுடுவதோ வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தால் வந்துவிடும். கிருமி உள்ளே போக அந்த உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். அதனால் காட்டுக்குப் போய்வந்த அன்று இரவே தேடிப் பார்ப்பதில் பலன் உண்டு.

ஆகஸ்ட் 2 விமானத்தை மாற்ற வேண்டாம். மருந்து அதற்கு முன்பே முடிந்துவிடும். வட்டம் இருந்தபோது எடுத்த படங்களையும், பேனாக் கோடு தெரிகிற அந்தப் படத்தைத் தவறாமலும், மாத்திரைச் சீட்டோடு சேர்த்து மகனின் செல்போனில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்குள்ள அவருடைய மருத்துவர் கேட்பார்.